‘சென்டிமென்டல்’ என்னும் அடைச்சொல்லும் தமிழ்க் கண்ணீரும்

தமிழ் நாவல் ஒன்றைப் பற்றியோ திரைப்படம் ஒன்றைப் பற்றியோ பேச்சு எழும்போது, நம் குடும்பங்களில் வளரும் இளைஞர்கள் பலர் ஓர் ஆங்கில அடைச்சொல்லை எடுத்து வீசிவிட்டு அப்பால் சென்றுவிடுகிறார்கள். ‘சென்டிமென்டல்’ என்பதே அச்சொல். பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் பேசி, வீட்டிலும் சங்கத்திலும் மட்டுமே தமிழைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆங்கில இலக்கியம் பயின்ற தமிழ்த் திறனாய்வாளர்களும் இதே சொல்லை இதே தொனியில் கையாண்டு வந்திருக்கிறார்கள். அச்சொல் விழுந்தவுடன் வாதம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஒரு நூலைத் தள்ளுபடி செய்ய ஒரு சொல் போதுமென்றால், அந்தச் சொல்லையே முதலில் கூண்டில் ஏற்றி விசாரிப்பது முறையல்லவா?

உணர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தது இச்சொல். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் இது நாகரிகமான புதுச்சொல்லாக உலவியது. நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கு 1749-இல் பிராட்ஷா சீமாட்டி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மேன்மக்கள் வாயில் எப்போதும் புரளும் இச்சொல்லின் பொருள்தான் என்ன என்று அவர் அதில் வினவுகிறார். மனிதருக்கும் விருந்துக்கும், ஏன், உலாவச் செல்வதற்கும்கூட அந்நாளில் இவ்வடைமொழி சூட்டப்பட்டது என்பது அக்கடிதத்தால் விளங்குகிறது. அறிவும் இனிமையும் உடையதெல்லாம் இச்சொல்லுக்குள் அடங்கியதாக அவர்கள் எண்ணினார்கள். ஆக, பிறந்தபோது இது பாராட்டுச் சொல். வசையாகும் என்று எவரும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

இதற்கு உச்சப் புகழ் தந்தவர் லாரன்ஸ் ஸ்டெர்ன் என்னும் பாதிரியார். பிரான்சு நாட்டில் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிய தம் நூலின் தலைப்பிலேயே இச்சொல்லைப் பொறித்து 1768-இல் வெளியிட்டார். சில வாரங்களில் மறைந்தும் போனார். அந்நூலில் கூண்டில் அடைபட்ட மைனா போன்ற ஒரு சிறு பறவை வருகிறது. வெளியே வர முடியவில்லை என்று அது மனிதக் குரலில் புலம்பக் கேட்ட பயணி, சிறைகளையும் அடிமைகளையும் எண்ணி உள்ளம் உருகுகிறார். ஆனால் அப்பறவை விடுதலை பெற்றதாக நூலில் இல்லை! கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் அவருடைய குலச்சின்னத்தில் ஓர் ஓவியமாக அமர்ந்துவிடுகிறது. ஸ்டெர்ன் இதை உணராமல் எழுதினார் என்று கூற மாட்டோம். அவர் குறும்புக்காரர், உருகுவதையும் உருகுவதைப் பார்த்துச் சிரிப்பதையும் ஒரே வரியில் செய்யவல்லவர். அவரைப் பின்பற்றியவர்களிடம் அந்தச் சிரிப்பு இல்லாமற் போயிற்று.

ஈண்டு ஒரு செய்தியை இடையே சொல்ல வேண்டும். ஸ்டெர்னின் நூலைப் போடே என்பவர் ஜெர்மன் மொழியில் ஆக்கியபோது, இந்த அடைச்சொல்லுக்கு நேர்ச்சொல் கிடைக்காமல் இடர்ப்பட்டார். பேரறிஞர் லெஸ்ஸிங், தம் மொழியின் வேரிலிருந்தே ‘எம்ப்ஃபிண்ட்சாம்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துமாறு அவருக்கு யோசனை கூறினார். பின்னர் ஜெர்மன் இலக்கியத்தில் ஒரு காலப்பகுதிக்கே அச்சொல்லின் பெயர் வழங்கலாயிற்று. நாமோ ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டோம். அதுவும் அது பாராட்டாக இருந்த காலத்தில் அன்று, வசையாக மாறிய பிறகு.

வசையாக மாறியது எப்படி? 1771-இல் ஹென்றி மெக்கென்சி எழுதிய நாவல் ஒன்றில், கதைத்தலைவன் ஹார்லி பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர் உகுக்கிறான். அந்நாவல் வெளிவந்தபோது லூயிசா ஸ்டுவர்ட் என்னும் பெருமாட்டிக்கு வயது பதினான்கு. வீட்டில் எல்லாரும் படித்துப் படித்து அழ, மென்மையான உள்ளம் படைத்தவள் என்று பெயர் வாங்குமளவு தனக்கு அழுகை வராமற் போய்விடுமோ என்று அச்சிறுமி அஞ்சினாளாம். அரை நூற்றாண்டு கடந்து 1826-இல் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதை நினைவுகூர்கிறார். அதே நாவலை ஓர் அவையில் உரக்கப் படித்தபோது, முன்பு அழுத இடங்களிலேயே கேட்டோர் சிரித்தார்கள் என்றும் எழுதுகிறார். 1886-இல் ஹென்றி மார்லி இந்நாவலைப் பதிப்பித்தபோது, எந்தெந்தப் பக்கத்தில் யார் யார் கண்ணீர் விட்டார்கள் என்று ஒரு ‘கண்ணீர் அகராதி’யையே சேர்த்துவிட்டார். தொண்டை அடைத்தது போன்றவை கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று குறிப்பு வேறு! பெயர் வாங்குவதற்காக அழுவது, அழுகையில் போட்டியிடுவது என்ற நிலை வந்தபோதே அச்சொல்லின் பெருமை சரிந்துவிட்டது. டிக்கன்ஸ் 1841-இல் எழுதி முடித்த நாவலில் நெல் என்னும் சிறுமி இறந்ததற்கு நாடே கலங்கியது. கண்டிப்பான விமரிசகர் என்று பெயரெடுத்த ஜெஃப்ரீகூடக் கண்ணீர் விட்டார் என்பார்கள். அடுத்த தலைமுறையில் ஆஸ்கார் வைல்டுக்கு அதே மரணம் நகைப்புக்குரியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வசைக்கு ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டது. டி. எஸ். எலியட் 1919-இல் ‘ஹாம்லெட்’ நாடகத்தைப் பற்றி எழுதும்போது, அவ்விளவரசனின் உணர்ச்சி நாடகத்தில் காட்டப்பட்ட நிகழ்ச்சிகளை விஞ்சி நிற்கிறது என்று குறை கண்டார். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளை மாணவர் கையில் கொடுத்து அவர்கள் எழுதிய கருத்துகளைத் தொகுத்து 1929-இல் வெளியிட்ட நூலில், இதற்கென ஓர் இயலே ஒதுக்கினார். நிகழ்ச்சி சிறிதாக இருக்க, அதற்கு எழும் உணர்ச்சி பெரிதாக இருந்தால் அது மிகையுணர்ச்சி. இதுவே அவர் தந்த பொருள்களுள் தலையாயது. அதாவது, அளவைக் காட்டிலும் பொருத்தமே இங்கு கேள்வி. குடம் நிறையக் கண்ணீர் வந்தாலும், குடம் நிறையக் காரணம் இருந்தால் குற்றமில்லை.

ரிச்சர்ட்ஸ் அவ்வியலின் தலைப்பில் மிகையுணர்ச்சியோடு மற்றொன்றையும் சேர்த்தே வைத்தார். அது உணர்ச்சித் தடை. எழ வேண்டிய இடத்தில் உணர்ச்சி எழாதபடி உள்ளம் தாழிட்டுக்கொள்வது. ஒன்றைக் கண்டு அஞ்சி மற்றொன்றில் விழுவார் உண்டு என்பது அவர் கருத்து. நம்மவர் முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பிற்பாதியை விட்டுவிட்டார்கள். தமிழ் நூல்களின் மீது இச்சொல்லை வீசுவோர் சிலரைக் கூர்ந்து நோக்கினால், நூலின் மிகையைவிட அவர்களுடைய தடையே நமக்கு முதலில் தென்படுகிறது.

இனி, தமிழ்நாட்டில் இச்சொல் அடைந்த மாற்றத்தைக் காண்போம்; அது சுவையானது. அடைச்சொல் படித்தவர் வாயோடு நின்றுவிட, ‘சென்டிமென்ட்’ என்னும் பெயர்ச்சொல் பட்டிதொட்டியெங்கும் பரவியது. தாய் சென்டிமென்ட், தங்கை சென்டிமென்ட் என்று உறவுமுறைகளோடு ஒட்டிக்கொண்டது. அது மட்டுமா? முதல் காட்சியை இன்ன கோயிலில் எடுத்தால் படம் ஓடும், இன்ன சட்டையை அணிந்தால் ஆட்டம் வெல்லும் என்னும் சகுன நம்பிக்கைக்கும் அதுவே பெயராயிற்று. இப்பொருள் ஆங்கிலேயருக்குப் புதிது. இலண்டனில் சொன்னால் விழிப்பார்கள்.

பீம்சிங் இயக்கி 1961-இல் வெளிவந்த ‘பாசமலர்’ தங்கை சென்டிமென்ட்டுக்கு இலக்கியம் போல எடுத்துக்காட்டப்படுவது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அழுத அழுகையை எள்ளி நகையாடுவது எளிது. எனினும் ஒன்றைக் கருத வேண்டும். பெற்றோரற்ற அண்ணனும் தங்கையும் சேர்ந்து உழைத்து உயர்ந்ததை அப்படம் பொறுமையாகக் காட்டியிருக்கிறது. பின்னர் வரும் கண்ணீருக்கு அங்கே முதலீடு உண்டு. இறுதிக் காட்சிகளில் துன்பத்தின் மேல் துன்பத்தை அடுக்கியது மிகைதான், மறுக்கமாட்டோம். ஆனால் அதைப் பார்த்துப் பின்னால் வந்த படங்கள் பல, அந்த முதலீட்டைச் செய்யாமலே வட்டியைக் கேட்டன. ‘தங்கை’ என்ற உறவுப் பெயரே காரணமாகிவிட்டது. அப்பெயரை உச்சரித்தவுடன் அழ வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ரிச்சர்ட்ஸின் அளவுகோல் இங்கே செல்லும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அடிப்பவர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே அளக்காதவர் ஆவார்.

தமிழில் உணர்ச்சிப் பெருக்கைக் குறிக்கும் சொற்களைப் பார்த்தால் வேறொரு மனப்பாங்கு புலனாகிறது. உருக்கம், நெகிழ்ச்சி, கசிவு, குழைவு ஆகியவை அனைத்தும் நம்மிடம் உயர்வுச் சொற்கள். உள்ளம் உருகாதவனைத்தான் கல்நெஞ்சன் என்று பழித்தோம். ‘உருக்கமான பேச்சு’ என்றால் பாராட்டு. அதையே ஆங்கிலத்தில் பெயர்த்தால் பேசியவர் முகம் வாடிவிடும். பொய்யாக அழுவதைக் குறிக்கவும் நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை: மாய்மாலம், பசப்பு, ஒப்புக்கு அழுதல், எல்லாவற்றுக்கும் மேலாக நீலிக் கண்ணீர்.

கண்ணீரை அளக்கத் தமிழில் கோலே இல்லை என்று கருதுவோர் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்டிப் பார்த்தல் நன்று. அங்கே கூறப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. அதற்கு நான்கு நிலைக்களன்கள் வகுக்கப்பட்டுள்ளன. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உயிரையோ பொருளையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல் அசைவு. நுகர்வதற்கு இல்லாமை வறுமை. எவ்வளவு அழலாம் என்று அந்நூல் கூறவில்லை. எதற்காக அழுகிறாய் என்றே கேட்கிறது. உரை செய்த பேராசிரியர், தன் துன்பத்துக்குத் தானே அழுவதும் பிறர் துன்பம் கண்டு அழுவதும் என இரண்டாகவும் இதனைப் பகுத்துக் காட்டினார். ரிச்சர்ட்ஸ் சொன்ன பொருத்தத்தின் ஒரு பாதி, அதாவது காரணத்தைத் தேடும் பாதி, இங்கு முன்னரே இருக்கிறது.

காரணம் கேட்கும் இக்கோலைக் கொண்டு இரண்டு பெண்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். இருவரும் கணவன் பொருட்டு ஊரறிய அழுதவர்கள். இருவரும் அவைமுன் வழக்குரைத்தவர்கள். ஒருத்தி கண்ணகி, மற்றவள் பழையனூர் நீலி. கண்ணகியின் துயரத்தில் அடக்கம் என்பதே இல்லை. விழுகிறாள், புரள்கிறாள், மதுரைத் தெருக்களில் தலைவிரிகோலமாக அரற்றுகிறாள். ஆங்கில அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கட்டுக்கடங்காத உணர்ச்சியைக் குறிக்கும் அடைச்சொற்கள் யாவும் அவளுக்குப் பொருந்தும். ஆனால் பாண்டியன் முன் நின்றவுடன் அவள் என்ன செய்கிறாள்? தன் ஊரைக் கூறுகிறாள்; கணவன் பெயரையும் அவன் தந்தையின் பெயரையும் கூறுகிறாள்; அவன் எதற்காக மதுரைக்கு வந்தான் என்று கூறுகிறாள்; தன் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம் என்று கூறுகிறாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. அவ்வளவு பெரிய கண்ணீருக்கும் அடியில் ஒரு சிறு கல் இருந்தது.

நீலியும் அழுதாள், கண்ணகியைவிட நயமாகவே அழுதாள். பேயாகிய அவள் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கண்டு அஞ்சி ஓடிய வணிகனைத் தன் கணவன் என்று வேளாளர் அவையில் கதறினாள். அவையினர் இரங்கினார்கள், வணிகன் உயிரிழந்தான், வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீப்பாய்ந்தார்கள் என்பது திருவாலங்காட்டுப் பக்கத்தில் வழங்கும் கதை. கண்ணீரை மட்டும் பார்த்தவர்களுக்கு நேர்ந்த கதி அது. இடுப்பில் இருந்த குழந்தையை எவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

ஆயினும் மிகையுணர்ச்சியை நீலிக் கண்ணீர் என்று மொழிபெயர்த்துவிட்டால் போதாது. நீலி பிறரை ஏமாற்றினாள், தான் ஏமாறவில்லை. ஹார்லியின் கண்ணீரோ பொய்யன்று. அவன் உண்மையாகவே அழுகிறான்; அழுகிற தன்னைக் கண்டு உள்ளூர மகிழ்கிறான். அழுதவனே சுவைக்கும் இந்தக் கண்ணீருக்குத் தமிழில் தனிப்பெயர் நாமறிந்தவரை இல்லை. ‘மிகையுணர்ச்சி’ என்று எழுதும்போதும் அளவு மட்டுமே தெரிகிறது, சுவைப்பது தெரியவில்லை. ஆகையால் அந்த ஆங்கிலச் சொல்லை நாடு கடத்த வேண்டும் என்று நாம் கூறவரவில்லை. அதற்குரிய வேலையை அது செய்யட்டும்.

எங்கே அது செல்லாது என்பதற்கு நம் ஒப்பாரியே சான்று. ஆதாம் ஸ்மித் 1759-இல் அறவுணர்வுகள் பற்றி எழுதிய நூலில், துன்புற்றவன் தன் துயரத்தின் சுருதியைப் பார்வையாளன் உடன்பட முடிகிற அளவுக்குத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை விளக்கினார். ஆங்கிலேயரின் அடக்கத்துக்கு அது நல்ல இலக்கணம். நம் ஊர்த் துக்க வீட்டில் நடப்பது நேர்மாறானது. துக்கம் கேட்க வந்தவள் வாசற்படியிலேயே தன் சுருதியை உயர்த்திக்கொண்டு நுழைகிறாள். இழந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுகிறாள். அங்கே தாழ்ந்து வர வேண்டியது துன்பம் உற்றவள் அல்லள். அப்பாட்டிலும் இறந்தவர் வாங்கி வந்த சேலை, நடந்து சென்ற வரப்பு, பாதியில் நின்ற வேலை என்று பொருள் பொருளாக எண்ணிச் சொல்லித்தான் அழுவார்கள். இதனை மேனாட்டு விருந்தறையின் அளவுகோலால் அளப்பது, படியைக் கொண்டு துணியை அளப்பது போலாகும். பக்திப் பாடல்களுக்கும் இது பொருந்தும். திருவாசகத்தை எண்பது வயதில் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்ட ஜி. யு. போப், அந்நூலின் கண்ணீரைக் கண்டு மூக்கைச் சுளித்திருந்தால் அவ்வுழைப்பை மேற்கொண்டிருக்கவே மாட்டார்.

எங்கே அது செல்லும்? கசப்பானாலும் சொல்லத்தான் வேண்டும்: நம் சங்கங்களின் கவியரங்கங்களில். பொங்கலுக்கும் ஆண்டுவிழாவுக்கும் ஊரை நினைந்து பாடப்படும் கவிதைகளைக் கேட்டுப் பாருங்கள். தென்னந்தோப்பு, திண்ணை, கோயில் மணி, அம்மாவின் கைச்சோறு. பாடுபவர் குரல் தழுதழுக்கிறது, கேட்பவர் கண் கலங்குகிறது; இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஊர் எந்த ஊர்? திருநெல்வேலிக்காரர் பாடும் திண்ணையும் தஞ்சாவூர்க்காரர் பாடும் திண்ணையும் ஒன்றாகவே இருக்கின்றன. ஊரைவிட்டு ஏன் வந்தோம், வந்தபோது யாரிடம் கடன் வாங்கினோம், விடுமுறைக்குச் சென்றால் எத்தனை நாளில் திரும்பத் தோன்றுகிறது, வீட்டின் பங்கு என்னவாயிற்று என்பன போன்றவை அங்கே வருவதில்லை. இழவும் அசைவும் வறுமையும் உண்மையில் நம்மிடம் இருக்க, அவற்றை விட்டுவிட்டுத் தென்னங்கீற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறோம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அந்த ஆங்கிலச் சொல்லை முணுமுணுக்கும்போது, இந்த ஓரிடத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. அவர்களுக்குப் பார்த்திராத தென்னந்தோப்பைத் தருகிறோம். அவர்கள் பிறந்ததன் காரணத்தைச் சொல்வதில்லை.

மத்திய அரசு அலுவலகங்களில் கருணை அடிப்படையில் வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆற்றொணாத் துயரம், கண்ணீர்க் கடல் என்று இரண்டு பக்கம் நிரப்பிய மனு கோப்பில் உறங்கிக்கொண்டிருக்கும். கணவர் இறந்த தேதி, குழந்தைகளின் வயது, குடும்ப ஓய்வூதியம் இவ்வளவு, வீட்டு வாடகை இவ்வளவு என்று நான்கு வரியில் எழுதிய மனுவைப் படிக்கும் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சன்னல் பக்கம் பார்ப்பார். அம்மனுவை எழுதியவள் தொல்காப்பியம் படித்தவள் அல்லள்.

பாரியின் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112-ஆம் பாட்டு ஐந்தே அடி கொண்டது. தந்தையையும் மலையையும் ஒருங்கே இழந்து, பிறந்த ஊரைவிட்டு வெளியேறிய பெண்கள் பாடிய பாட்டு. அவ்வகையில் நமக்கு மிக நெருங்கியது. அழுகை என்ற சொல்லோ கண்ணீர் என்ற சொல்லோ அதில் எங்குமில்லை. சென்ற மாதத்து நிலவில் யார் இருந்தார், எது தமதாக இருந்தது என்றும், இம்மாதத்து நிலவில் யார் இல்லை, அது எவர் கைக்குப் போயிற்று என்றும் ஒரு கணக்கு மட்டுமே இருக்கிறது. பறம்பு மலைக்கு அதில் தென்றலும் சந்தனமும் சொல்லப்படவில்லை. குன்று என்ற ஒரு சொல்லோடு சரி.